வேடன் பெயரில் ஒரு தாங்கல்

சென்ற ஐப்பசியில், படப்பையில் அடைமழை பிடித்துக்கொண்டிருந்த ஒரு காலையில், கனடாவில் வாழும் என் தங்கை மகனிடமிருந்து ஒரு படம் வந்தது. சாலையே எட்டாத ஒரு வடபுல ஏரி. கரை நெடுகச் சிவந்தும் பழுத்தும் நிற்கும் மேப்பிள் மரங்கள். நடுவில், முன்னும் பின்னுமாக இருவர் அமர்ந்து துடுப்பு வலிக்கும் ஒல்லியான ஓடம். ஆண்டுதோறும் இந்தப் பருவத்தில் அவன் ஊர் நண்பர்கள் கூடாரத்தையும் உணவையும் ஓடத்தில் ஏற்றிக்கொண்டு காட்டுக்குள் வேட்டைக்குப் போவார்களாம். ஓர் ஏரி முடிந்து மறு ஏரி தொடங்கும்வரை ஓடத்தைக் கவிழ்த்துத் தலைமேல் தாங்கியபடி நடப்பார்களாம். ஓடமும் ஒருநாள் வண்டியில் ஏறும் என்று நம் பழமொழி சொல்லும்; அங்கே அது மனிதர் தலையிலேயே ஏறிவிடுகிறது. படத்தின் கீழே ஒரு வரி கேட்டிருந்தான்: "மாமா, இதையெல்லாம் தமிழ்ல எப்படிச் சொல்றது?"

அவன் கேட்டது மூன்று சொற்கள்: அந்தப் பருவம், அந்த ஓடம், அந்த வேட்டை. அரை நாளில் விடை எழுதிவிடலாம் என்றுதான் அகராதியை எடுத்தேன். ஆனால் சொல்லின் பின்னால் நடந்து பழகியவர்களுக்குத் தெரியும். ஒரு சொல் இன்னொன்றின் வீட்டுக் கதவைத் தட்டும், அது மூன்றாவதை வாசலுக்கு அழைக்கும், கடைசியில் நாம் எதிர்பாராத ஓர் ஊரில் போய் நிற்போம். நான் போய் நின்ற ஊர் கனடாவில் இல்லை. எங்கள் படப்பையிலிருந்து ஒரகடம், செங்கல்பட்டு, படாளம் என்று போனால் வந்துவிடும் வேடந்தாங்கல்.

புறப்படும் இடத்தையும் ஒரு கணம் பார்த்துவிடுவோம். தாம்பரத்தில் பேருந்து ஏறும்போது நடத்துநர் நாளெல்லாம் கூவுகிற 'படப்பை' என்னும் சொல் சங்கப் புலவர்களுக்கு நன்கு பழக்கமானது. தோட்டம், கொல்லைப்புறம், மருத நிலத்து ஊர், பசுக்கொட்டில் என்று அகராதி அதற்குப் பொருள் அடுக்கும். தென்மாவட்டங்களில் இன்றும் வைக்கோற்போரைப் 'படப்பு' என்பார்கள். வீட்டுக்குப் பின்னால் வேலியடைத்து, காயும் கீரையும் போட்டு, மாடு கட்டி, வைக்கோல் அடுக்கி, மனிதன் தன்னுடையது என்று வளைத்துக்கொண்ட நிலத்தின் மணம் முழுவதும் அந்தச் சொல்லில் உண்டு. வேட்டைக்கு நேர் எதிரான சொல் ஒன்றைத் தேடினால் படப்பையைத்தான் சொல்வேன். படப்பைக்காரனுக்கு உணவு அவன் வேலிக்குள் விளைகிறது. வேடனுக்கு அது வேலிக்கு வெளியே ஓடுகிறது, பறக்கிறது.

இனி மருமகன் கேட்ட முதற்சொல். அவன் படத்தில் இருந்த பருவத்தை நாம் இன்று இலையுதிர்காலம் என்கிறோம். நல்ல கட்டமைப்புள்ள சொல்தான். ஆனால் அது அந்த நாட்டு மரங்களைப் பார்த்துச் செய்த சொல். நம் காடுகளில் இலை உதிர்வது மாசி பங்குனி வறட்சியில். ஐப்பசியிலோ மழை கண்டு இலை தழைக்கிறது. அதே ஐப்பசிக்கும் கார்த்திகைக்கும் தமிழ் வைத்திருக்கும் பெயர் 'கூதிர்'. காருக்குப் பின், முன்பனிக்கு முன், ஆறு பெரும்பொழுதுகளில் இரண்டாவதாக நிற்பது. தென்பாண்டிப் பக்கம் குளிரைக் 'கூதல்' என்பதும், 'கூதலடிக்கிறது' என்று தோள் குறுக்கிக்கொள்வதும் அந்தச் சொல்லின் உடன்பிறப்புகள். குளிர், தளிர், உதிர் என்று தமிழில் இர் ஒலியில் முடியும் சொற்களுக்கெல்லாம் ஒரு மெல்லிய நடுக்கம் உண்டு. கூதிரின் நெட்டுயிர் அந்த நடுக்கத்தை இன்னும் சற்று நீட்டுகிறது. தொல்காப்பியர் இந்தக் கூதிரைக் குறிஞ்சிக்கு உரிய பெரும்பொழுதாக வைத்தார். மலையும் மலைசார்ந்த வேட்டை வாழ்வும் கொண்ட திணைக்கு மழையோடு குளிர் தொடங்கும் காலத்தை அவர் பொருத்தியதை நினைக்கும்போது, கனடாக் காட்டு வேடர்களும் இதே மாதங்களைத்தான் தேர்ந்துகொண்டார்கள் என்பது எனக்கு இனிமையாக இருந்தது.

இரண்டாவது சொல் ஓடம். நீரில் மிதப்பவற்றுக்குத் தமிழ் பெயர் வைத்த நேர்த்தியைப் பாருங்கள்: மரங்களைப் பிணைத்தால் புணை, கட்டினால் கட்டுமரம், மூங்கிலை வட்டமாக முடைந்து தோல் போர்த்தினால் பரிசல், மீனவர் அலைமேல் ஏறிச் செல்வது திமில், ஆறு கடக்க அம்பி, கடல் கடக்க நாவாயும் வங்கமும். படகு என்னும் சொல் கன்னடத்தில் ஹடகு என்று கப்பலாகவும், தெலுங்கில் படவ என்றும் நடமாடுகிறது. கட்டுமரமோ ஆங்கிலத்தில் கேட்டமரன் ஆகி, இன்று இரட்டை உடல் கொண்ட விரைவுக் கப்பலைக் குறிக்கிறது. கட்டிய மரம் என்ற பொருள் கரையிலேயே நின்றுவிட, ஒலி மட்டும் கடல் கடந்தது. மருமகன் படத்தில் இருந்த 'கனூ' என்னும் ஓடத்துக்கும் இதே வகை வரலாறுதான். கரீபியத் தீவுகளின் பழங்குடி மக்கள் ஒற்றை மரத்தைக் குடைந்து செய்த ஓடத்துக்கு வைத்திருந்த பெயர் அது; 1492இல் கொலம்பசின் கப்பலோடு வந்தவர்கள் காதில் விழுந்து, இசுப்பானிய மொழி வழியாக ஆங்கிலத்தில் ஏறியது. மரத்தைக் கட்டியவர்களிடம் ஒரு சொல், மரத்தைக் குடைந்தவர்களிடம் ஒரு சொல் என்று அந்த மொழி இரண்டையும் வாங்கி வைத்திருக்கிறது.

குடைந்த மரத்துக்கு நம்மிடம் உள்ள சொல் தோணி. தோண்டு என்னும் வினையோடு அதை இணைப்பவர்கள் உண்டு; மரத்தொட்டியைக் குறிக்கும் துரோணி என்னும் வடசொல்லோடு இணைப்பவர்களும் உண்டு. எந்தத் திசையில் கடன் நடந்திருந்தாலும், இரண்டு வழியும் ஒரே காட்சிக்குத்தான் கொண்டுசேர்க்கும்: நடுவில் வெறுமை செய்யப்பட்ட ஒரு மரம், அந்த வெறுமையில் அமர்ந்திருக்கும் ஒரு மனிதன். ஆந்திரத்தின் கொல்லேறு ஏரியில் பனைமரத்தைக் குடைந்து ஓட்டும் ஓடத்தை அவ்வூரார் 'தோனெ' என்கிறார்கள். மாலத்தீவின் 'தோனி'யும் இந்தக் குடும்பத்தின் ஒலியோடுதான் கடலில் இறங்குகிறது. ஆக, கூதிர், தோணி. இரண்டு கிடைத்தன.

மூன்றாவது வேட்டை. இங்கேதான் என் நடை தடைப்பட்டது. தடைப்பட்ட இடத்தில்தான் வழியும் திறந்தது. வேடு, வேடன், வேட்டுவன், வேடுவச்சி, வேட்டம், வேட்டை என்று இந்தச் சொற்குடும்பம் ஒரு சிற்றூர் அளவு பெரியது. காடு காட்டு ஆவதுபோல், நாடு நாட்டு ஆவதுபோல், வேடு என்பதன் டகரம் இரட்டித்து வேட்டு ஆகி, அதிலிருந்து வேட்டுவன் எழுந்து வருகிறான். மலையாளத்தில் வேட்ட, கன்னடத்தில் பேட்டெ, தெலுங்கில் வேட என்று தென்னகம் முழுவதும் அந்த ஒலி கேட்கிறது. வேள் என்றால் விரும்பு. அதிலிருந்து வேட்கை, வேட்பு, வேட்பாளர். வேட்டையையும் இந்த விருப்ப வேரிலேயே கொண்டுவந்து வைக்கும் அறிஞர்கள் உண்டு. தனி வேராகக் காண்பவர்களும் உண்டு. எப்படியாயினும், தமிழ்க்காது இரண்டையும் அருகருகே வைத்தே கேட்கிறது. இல்லாவிட்டால் அம்பும் வில்லும் போன பின்னும் வாக்கு வேட்டை, பண வேட்டை, தேடுதல் வேட்டை என்று நாம் செய்தித்தாளில் நாளும் எழுதிக்கொண்டிருக்க மாட்டோம். கொல்லுதல் என்னும் பொருள் கழன்று, விடாமல் விரும்பித் தேடுதல் என்னும் பொருள் மிஞ்சி நிற்கிறது. கோயில்களில் இது இன்னும் மென்மையாகிறது: மாட்டுப் பொங்கலன்று காஞ்சி வரதர் பழையசீவரத்துக்கு எழுந்தருளும் திருநாளைப் பார்வேட்டை என்கிறோம், அந்த வேட்டையில் ஒரு துளி குருதியும் சிந்துவதில்லை.

இந்தச் சொல் ஏறி அமர்ந்திருக்கும் ஊர்ப்பெயர்களைத் தேடியபோதுதான், சிறுவயது முதல் ஆயிரம் முறை சொல்லியும் ஒருமுறைகூடப் பிரித்துப் பார்க்காத ஒரு பெயர் தன்னைத்தானே பிரித்துக் காட்டியது. வேடன், தாங்கல்.

ஒலியிலிருந்து தொடங்குவோம். ஏட்டிலக்கணம் கற்ற ஒருவர் இந்தப் பெயரைச் சேர்த்திருந்தால், னகரத்துக்குப் பின் வரும் தகரம் றகரமாகி, 'வேடன்றாங்கல்' என்று நின்றிருக்கும். ஊர்நாக்கு அப்படிச் சேர்க்கவில்லை. 'அவன்தான்' என்பதை 'அவந்தான்' என்று உருட்டுகிற அதே நாக்கு, பின்னால் வரும் தகரத்துக்கு இசைவாக முன்னால் நின்ற னகரத்தை நகரமாக்கி, வேடந்தாங்கல் என்று வழுவழுப்பாக்கியது. சென்னையை அடுத்த ஐயப்பன்தாங்கலில் னகரம் இன்னும் தனியே விறைத்து நிற்கிறது. வேடந்தாங்கலில் அது கரைந்துவிட்டது. கூழாங்கல்லின் வழுவழுப்பைப் பார்த்து ஆற்றின் வயதைச் சொல்வதுபோல, ஒரு பெயர் எத்தனை வாய்களில் உருண்டிருக்கிறது என்பதை இந்த ஒரு மெய்யெழுத்தைத் தடவிப் பார்த்தே உணரலாம்.

இந்த வழுவழுப்பு ஒரு விளையாட்டுக்கும் இடம் தருகிறது. வேடம் என்பதோடு தாங்கல் சேர்ந்தாலும் மகரம் நகரமாகி வேடந்தாங்கல் என்றே வரும். வேடம் தாங்குதல் என்றால் வேறு உருவம் பூணுதல். கூத்தன் அரசன் வேடம் தாங்குகிறான் என்போம். ஊர்ப்பெயரின் பொருள் அது அன்று. ஆயினும் நீர்ப்பறவை வேட்டையின் முறையை அறிந்தவர்களுக்கு இந்த ஒலியொப்புமை ஒரு சிலிர்ப்பைத் தரும். இந்தியாவின் ஏரிகளில் பறவை பிடிப்பவர்கள் கையாண்ட பழைய உத்தி ஒன்று உண்டு. முதலில் சில வெறும் பானைகளை நீரில் மிதக்கவிடுவார்கள். நாள்கள் செல்லச் செல்ல, சிறகிகளும் கிளுவைகளும் மிதக்கும் பானையைக் கண்டு அஞ்சுவதை விட்டுவிடும். பிறகு ஒருநாள் வேடன் கண்ணளவு துளையிட்ட பானையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, கழுத்தளவு நீரில், அலை எழாமல், அடிமேல் அடிவைத்துப் போவான். பறவைக்கு அது இன்னொரு பானை. அருகே வந்ததும் நீருக்கடியில் கால்களைப் பற்றி உள்ளே இழுப்பான். பக்கத்துப் பறவைக்குக்கூடத் தெரியாது. கனடா வேடன் தலையில் ஓடத்தைத் தாங்கினான். நம் வேடன் தலையில் வேடத்தைத் தாங்கினான்.

இனித் தாங்கல். வடதமிழ்நாட்டில், குறிப்பாகச் செங்கல்பட்டு, காஞ்சிப் பக்கங்களில், மழைநீரை மறித்து நிறுத்தும் சிறு ஏரிக்குத் தாங்கல் என்று பெயர். பழவந்தாங்கலில் இறங்கும் தொடர்வண்டிப் பயணியரில் எத்தனை பேர், தாம் ஓர் ஏரியின் பெயரில் இறங்குகிறோம் என்று எண்ணிப் பார்த்திருப்பார்கள்! தாங்கு என்னும் வினையடியில் அல் என்னும் தொழிற்பெயர் ஈறு ஏறி, தாங்குதல் என்னும் செயலே தாங்கும் இடத்துக்குப் பெயராகிவிட்டது. இதே எண்ணத்தை இராமநாதபுரம், சிவகங்கைச் சீமைகளில் வேறு சொல்லால் சொன்னார்கள்: அங்கே சிறு நீர்நிலை 'ஏந்தல்'. ஏந்து, தாங்கு; இரண்டும் கையின் வேலைகள். வடக்கே இருந்தவர்களும் தெற்கே இருந்தவர்களும் ஒருவரை ஒருவர் கேட்காமலே, வானிலிருந்து விழும் நீரை நிலம் தன் இரு கைகளையும் குவித்து வாங்கிக்கொள்வதாகக் கண்டிருக்கிறார்கள். குளத்தையும் ஏரியையும் பள்ளம் என்று பாராமல் கை என்று பார்த்த மொழி இது. இதை எழுதும்போது என் நெஞ்சு கொஞ்சம் நிமிரத்தான் செய்கிறது.

தாங்கல் வாழும் மற்ற இடங்களையும் பாருங்கள். நோயாளியைக் 'கைத்தாங்கலாக' அழைத்து வருகிறோம். உள்ளத்தில் ஒரு வருத்தத்தைச் சுமந்துகொண்டு வெளியே சொல்லாமல் இருப்பது 'மனத்தாங்கல்'. தாங்கி என்று வினைமுதற் பெயரானால், வழிப்போக்கர் தலைச்சுமையை இறக்கிவைத்து இளைப்பாற ஊரார் நட்ட சுமைதாங்கிக் கல். மின்னலை வாங்கிக்கொள்ளும் இடிதாங்கி. புதுக்கோட்டை மாவட்டத்தில் ஓர் ஊர் முழுவதுமே அறந்தாங்கி. எந்த இடத்தில் வந்தாலும் இந்தச் சொல் பிறர் பாரத்தைத் தன்மேல் வாங்கிக்கொள்கிறது.

இப்போது இரண்டையும் ஒட்டிப் பார்ப்போம். வேடனது தாங்கல், வேடனுக்கு உரிய ஏரி, வேடர் வாழ்ந்த ஏரியூர். பெயருக்கு ஏற்ப, பதினெட்டாம் நூற்றாண்டில் அது நிலக்கிழார்கள் பறவை வேட்டையாடும் களமாகவே இருந்தது. அதன் பின் நடந்ததைத்தான் ஊரார் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகிறார்கள். வெள்ளைக்காரச் சிப்பாய்கள் துப்பாக்கியோடு வந்து ஏரியில் அடைந்த பறவைகளைச் சுட்டபோது, ஊர்மக்கள் கூடி ஆட்சியரிடம் முறையிட்டார்கள். அப்போது ஆட்சியராக இருந்தவர் லயனல் பிளேஸ். மதுராந்தகத்து ஏரிகாத்த இராமர் கதையில் வருகிற அதே துரை. 1798இல் பறவைகளைக் காக்கும் உறுதி பிறந்தது. 1858இல் செங்கல்பட்டு ஆட்சியரின் ஆணை அதை மீண்டும் நிலைநாட்டியது. இத்தகைய உறுதிப்பத்திரத்துக்கு அக்கால ஆட்சிமொழியில் 'கவுல்' என்று பெயர். அரபியில் 'கௌல்' என்றால் சொன்ன சொல், வாக்கு. பாரசீகம், உருது வழியாக வந்து நம் வருவாய்க் கணக்குகளில் ஒப்பந்தமாக அமர்ந்த இந்தச் சொல்லும், இசையில் கவ்வாலி என்று பாடப்படுவதும் ஒரே வேரில் பிறந்தவை. எங்கிருந்தோ வந்த சொல்தான். ஆனால் அதன் பொருளை அறிந்தபோது நான் அதை அயலாக நினைக்கவில்லை. ஓர் ஏரியின் பறவைகள் இரு நூற்றாண்டுகளுக்கு மேலாக ஒரு 'சொல்லின்' காவலில் இருந்து வருகின்றன.

ஊரார் முறையிட்டதன் பின்னே பரிவும் இருந்தது, உழவு அறிவும் இருந்தது. வேடந்தாங்கல் பெரிய ஏரி அன்று. ஏறத்தாழ 30 ஹெக்டேர். கூதிர் மழையில் அது நிரம்பும்போது, நீருக்குள்ளேயே நிற்கும் நீர்க்கடம்பு மரங்களில் நத்தைக்குத்தி நாரை, கூழைக்கடா, அரிவாள் மூக்கன், கரண்டிவாயன், பாம்புத்தாரா, நீர்க்காகம் எல்லாம் கூடு கட்டுகின்றன. கார்த்திகை கடந்தால் வடபுலத்து வாத்துகளும் வந்து சேர்கின்றன. ஆயிரக்கணக்கான பறவைகளின் எச்சம் விழுந்து ஏரிநீர் உரமேறிய பசுமை கொள்கிறது. மடை திறந்து அந்த நீர் பாயும் வயலுக்குத் தனியே உரம் இடும் தேவை குறையும். சென்ற கார்த்திகையில் கரைமேல் நின்றிருந்தபோது, வரப்பிலிருந்து ஏறி வந்த பெரியவர் ஒருவர் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு சொன்னார்: "இது வெறுந்தண்ணி இல்லீங்க தம்பி, உரத்தண்ணி. இதுங்க நமக்குப் போடுது, நாம இதுங்களப் பாத்துக்குறோம்." அவர் பேசிக்கொண்டிருந்தபோதே ஒரு நத்தைக்குத்தி நாரை நீளமான சுள்ளி ஒன்றை அலகில் குறுக்காகக் கவ்விக்கொண்டு வந்து இறங்கியது. சுள்ளி கிளைகளில் சிக்கிக்கொண்டது. பறவை இழுத்தது, விட்டது, தலையைச் சாய்த்துப் பார்த்தது, பின் சுள்ளியின் ஒரு முனையைப் பற்றித் திருப்பி நேராக்கிக் கூட்டுக்குள் செருகியது. அதன் காலடியில் தாழ்ந்த கிளை ஒருமுறை வளைந்து நிமிர்ந்தது. தாங்கியது.

இதே கதை தெற்கிலும் நடந்திருக்கிறது. சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடி என்று ஒரு பறவைப் புகலிடம். வேட்டம், குடி என்று அதைப் பிரிக்கலாம். அதை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டி மக்கள், பறவைகள் மிரளும் என்று தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. வேட்டையின் பெயரைத் தாங்கிய இரண்டு ஊர்கள், இரண்டும் வேட்டையை விலக்கிய ஊர்கள். 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமும், 2022இல் வேடந்தாங்கலுக்குக் கிடைத்த ராம்சர் ஈரநில ஏற்பும் பின்னால் வந்தவை. ஊரின் சொல் முன்னால் வந்தது. இன்று அரசுப் பலகையில் பறவைகள் சரணாலயம் என்று எழுதியிருக்கிறது. சரணும் ஆலயமும் வடமொழி தந்த அழகிய சொற்கள். ஆனால் பலகையின் முதற்சொல்லில் உள்ள தாங்கல் அந்தப் பொருளை முன்பே தன்னுள் வைத்திருக்கிறது.

பெயரை மாற்றலாமே, வேடன் எதற்கு என்று ஒருவர் கேட்கக்கூடும். மாற்ற வேண்டியதில்லை. தொகைச்சொற்களின் பொருள் எந்த மொழியில் சிறக்கும் என்று நம் இலக்கணம் வகுத்து வைத்திருக்கிறது. வேடனது தாங்கல் என்று விரியும் இந்த ஆறாம் வேற்றுமைத் தொகையில் பொருள் சிறப்பது பின்மொழியில். முன்மொழி யாருடையது என்று மட்டும் சொல்லும். எது என்று சொல்வது பின்மொழி. இந்த ஊரின் வரலாறும் அந்த இலக்கணத்தின் வழியேதான் நடந்திருக்கிறது. முன்மொழியாகிய வேடன், யாருடையது என்பதற்கு அடையாளமாக மட்டும் நின்றுவிட்டான். பின்மொழியாகிய தாங்கல், முதலில் மழைநீரைத் தாங்கியது; பிறகு அந்த நீரில் நிற்கும் மரத்தை, மரத்தின் கூட்டை, கூட்டின் குஞ்சை, குஞ்சின் எச்சத்தால் விளையும் நெல்லை என்று தன் பொருளை விரித்துக்கொண்டே போனது.

மருமகனுக்குப் படம் வந்த அன்று மாலையே விடை எழுதினேன். கூதிர், தோணி, வேட்டை. மூன்றையும் சேர்த்தால் கூதிர்த் தோணி வேட்டை. ஏரிக்கும் ஏரிக்கும் இடையே ஓடத்தைத் தலையில் எடுத்து நடக்கிறீர்களே, அந்த நடைக்கும் ஒரு பெயர் வேண்டியிருக்கும் என்று நினைத்து, அவன் கேட்காத நான்காவது சொல்லையும் சேர்த்தேன்: தோணித்தாங்கல். அடுத்த தை மாதம் ஊருக்கு வருகிறானாம். வேடந்தாங்கல் கரைக்கு அழைத்துப் போவதாகச் சொல்லியிருக்கிறேன். துப்பாக்கி வேண்டாம், தொலைநோக்கி மட்டும் எடுத்து வா என்றும்.